தராசுக்காரர் தங்கச்சி

சாப்பிடும்போது பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன வயதில் இதற்காக வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கே இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடு, தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. நான் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதுமட்டுமா, இந்த வாய்க்குக் குன்னூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலையே போட்டுக் கொடுத்தார்கள். சம்பளம் இல்லை என்பது வேறு விஷயம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா அங்கே இலை நிறுப்பவர். தராசுக்காரர் என்றால்தான் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இலை ஷெட்டின் உத்தரத்தில் கடிகாரம் போல வட்டமாக ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் சாக்கை மாட்டினால் முள் சுற்றி வந்து நிற்கும். பறித்த இலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் வருவார்கள். எடைக்குத் தகுந்த கூலி என்பதால் சிலர் இலையில் தண்ணீர் தெளிப்பதும், யாரோ ஒருத்தி அடியில் ஒரு கல்லை வைப்பதும் உண்டு. அப்பாவிடம் அந்தப் பருப்பு வேகாது. சாக்கைக் கையால் தூக்கும்போதே அவர் முகம் மாறும். அவிழ்த்துத் தரையில் கொட்டி, கல்லை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி ஜன்னலில் வைப்பார். அன்றைக்கு ஷெட்டுக்குள் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

ஆனாலும் அவரை அநியாயக்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. சாக்கின் கனத்துக்குக் கழிவு போடுவார், மழைநாளில் ஈரத்துக்கும் கழிவு போடுவார். ஆனால் முள்ளைக் காட்டாமல் ஒருத்தியின் இலையையும் அவர் நிறுத்ததில்லை. "முள்ளைப் பாத்துக்கங்க. அப்புறம் நிறுத்தவனைக் குத்தம் சொல்லக்கூடாது" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வார். எங்கேயோ ஒரு எஸ்டேட்டில் தராசு சுவரைப் பார்த்துத் தொங்குகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, கையில் இருந்த டீயைக் குடிக்காமல் எழுந்துபோன மனிதர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. என் அத்தை. தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியது அப்பாதான். கோயமுத்தூரில் விடுதியில் தங்கி டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். போகும்போது நன்றாகத்தான் போனாள். லீவுக்குத் திரும்பி வந்தவளைப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஸ்வெட்டர்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது போல இருந்தது. அத்தை அதற்குள் எங்கேயோ இருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பாள். வரும் வழியிலேயே சாப்பிட்டேன் என்பாள். செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு என்று விரதம் வேறு. சாமிகளெல்லாம் எங்கள் அத்தையை நம்பித்தான் பிழைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். லைன் வீடுகளில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றது ஒரு வீடு. குடற்பூச்சி என்றது இன்னொன்று. பையன் யாராவது இருக்கிறானா என்று விசாரிக்கச் சொன்னது மூன்றாவது. அம்மா எதையும் விசாரிக்காமல் சமைத்துத் தள்ளினாள். அவள் சமைக்கச் சமைக்க அத்தை இளைத்துக்கொண்டே போனாள். அதனால் குண்டானது நான்தான்.

ஒருநாள் குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கியவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நாடி பிடித்துப் பார்த்தவர்கள், டானிக் கொடுத்து அனுப்புகிற விஷயம் இல்லை இது, உடனே குன்னூர் கொண்டுபோங்கள் என்றார்கள். வீட்டில் விட்டுப்போக ஆள் இல்லாததால் நானும் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயத்தையும் ரத்தத்தையும் பார்த்தார். அதன்பிறகு எங்களை ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மாவுக்கு ஊசி, மருந்து ஒன்றும் கிடையாது. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்கு உத்தியோகம். இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருப்பது தெரிந்ததும் பெரியவளானால் இதற்குத்தான் படிப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சோத்து டாக்டர் என்று அவருக்குப் பெயரும் வைத்தேன். அத்தையைத் தனியாக உட்காரவைத்து வெகுநேரம் பேசிவிட்டு, பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், இது ஒரு நோய் என்றார் முதலில். கொஞ்சம் அதட்டினால் சாப்பிட்டுவிட மாட்டாளா என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்குப் பாம்புன்னா பயம் இருக்கில்லீங்க? கையில புடின்னு அதட்டினா புடிப்பீங்களா? இவங்களுக்குச் சோத்துத் தட்டு அந்த மாதிரி."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். சோற்றைப் பார்த்துப் பயமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

இதயம் களைத்துப் போயிருக்கிறது, அடுத்த மாதம் வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் இங்கேயே படுக்க வைக்க வேண்டியிருக்கும், அதையும் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்று அந்த அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. பிறகு வீட்டில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைச் சொன்னார். மூன்று வேளைச் சாப்பாடு, இடையிடையே சின்னதாக ஏதாவது. நேரம் தவறக்கூடாது. வீட்டில் எல்லாரும் தின்பதையே அவளும் தின்ன வேண்டும். பரிமாறிவிட்டால் இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சக்கூடாது, சாப்பிட்டால் சபாஷ் போடவும் கூடாது. உடம்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் தனியாக எழுந்துபோக விடாமல் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கியமாக, சாப்பிடும்போது சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அவர் பார்வை என்மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அத்தைக்குச் சொல்வாயா என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கடைசியாக எடை விஷயம். வீட்டில் எடை பார்க்க வேண்டாம், இங்கே வரும்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதுவும் அவள் முள்ளுக்கு முதுகு காட்டித்தான் நிற்பாள், எவ்வளவு என்று அவளுக்குச் சொல்ல மாட்டோம் என்றார். அப்பா திடுக்கிட்டார்.

"முள்ளைக் காட்டாம நிறுக்கறதாங்க?"

ஆமாம் என்றார் அந்த அம்மா. அப்பா தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் வேலையில் சேர்ந்தேன். என் தட்டும் அத்தை தட்டும் பக்கத்தில் பக்கத்தில். காலையில் இட்லியோடு ஆரம்பித்தால் ராத்திரி ரசம் சோறுவரை விட மாட்டேன். ஒருநாள் பிரேயர் நடக்கும்போது காட்டெருமை ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றதைச் சொன்னேன். யாரும் அசையாதீர்கள், பாடிக்கொண்டே இருங்கள் என்று ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல, பாட்டு முடிந்து முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க, எருமை பொறுமையாக நின்று முழுவதையும் கேட்டுவிட்டுப் போனது. ஹெட்மாஸ்டர் நின்ற மாதிரி நான் விறைத்து நின்று காட்டினேன். அத்தை சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உருண்டை வாய்க்குள் போனது, அடுத்ததும் போனது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். ஒரு வாய்க்கு ஒரு யுகம் ஆகும், சில வேளை தட்டைப் பார்த்தபடி கண்ணீர் விடுவாள். நான் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டே போவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மட்டும் என் கதை பலிக்காது. எந்த எருமையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, கதை கொஞ்சம் பழசாகிவிடுகிறது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது வேறு. பறிப்பு கிடையாது என்பதால் இலை ஷெட் காலியாக இருக்கும். சாவி அப்பாவிடம். அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஆயுசு முழுக்க நிறுத்த மனிதருக்குத் தங்கச்சியின் உயிரை நிறுக்காமல் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. சாக்கை ஊஞ்சல் போலக் கட்டிக் கொக்கியில் மாட்டி அத்தையை உட்கார வைப்பார், முள்ளைப் பார்த்தபடி. அது அவருடைய தர்மம். "பாத்துக்கோ அம்மிணி" என்பார். சாக்குக்குக் கழிவு, ஸ்வெட்டருக்குக் கழிவு, தலை ஈரமாக இருந்தால் அதற்கும் கழிவு. எல்லாம் போக எடை ஏறியிருக்கும். முதல் வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். "ஏறியிருக்குது!" என்று அப்பா சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் மற்ற நாட்களில் பார்க்க முடியாது.

அடுத்தது நான். எனக்குச் சாக்கு வேண்டாம். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து வௌவால் மாதிரி தொங்குவேன். முள் ஓடும். "இது முதல் தரக் கொழுந்து, கழிவே கிடையாது" என்று அப்பா என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அத்தை சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் தொங்குவதையும் முள்ளையும் மாறி மாறிப் பார்ப்பாள். திரும்பும் வழியில் அப்பா பேக்கரியில் மொறுமொறுவென்று வர்க்கி வாங்குவார். எனக்கு அந்த வாரத்தில் அதைவிட நல்ல பொழுது கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்று காலை கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த அத்தையின் ஸ்வெட்டரில் மிட்டாய் ஏதாவது அகப்படுமா என்று கையை விட்டேன். உள்பக்கம் துணி வைத்துத் தைத்த ஒரு பை. அதில் ஓடைக் கூழாங்கற்கள். நல்ல கனம், வழவழவென்று அப்படி ஒரு அழகு. என் அஞ்சாங்கல்லைப் பள்ளிக்கூடத்தில் யாரோ திருடியிருந்த சமயம் அது. அத்தையும் அஞ்சாங்கல் ஆடுவாள் போலிருக்கிறது, என்னிடம் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு பாவாடையில் கட்டிக்கொண்டேன். அப்பா வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அத்தை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையும் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட்டில் சாக்கு தயாராகத் தொங்கியது. அப்போதுதான் அத்தை ஸ்வெட்டருக்குள் கையை விட்டாள். விட்ட கை வெளியே வரவில்லை. இன்றைக்கு வேண்டாம், குளிருகிறது என்றாள். ஒரு நிமிஷம்தான் என்றார் அப்பா. அவள் கண்ணை மூடிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள்.

முள் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. அப்பா தராசைத் தட்டினார். அது அசையவில்லை. தராசு கெட்டுப்போய்விட்டது என்று அத்தையை இறக்கிவிட்டு, மூலையில் இருந்த இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து மாட்டினார். தராசு பொய்யாக இருக்கக்கூடாதா என்று தராசுக்காரரே ஏங்கியதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு வேலை இருந்தது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து புதுக் கற்களை வைத்து ஆட ஆரம்பித்திருந்தேன். என் கைக்குப் பெரிய கல்தான், ஆனாலும் பெரிய கல்லில் ஆடுபவள்தான் கெட்டிக்காரி.

சத்தம் கேட்டு அப்பா திரும்பினார். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கையை மேலும் கீழும் அசைத்தார். ஏது என்று கேட்டார். அத்தை ஸ்வெட்டரில் இருந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

இனி அப்பா சத்தம் போடுவார், கல் ஜன்னலுக்குப் போகும் என்று நான் காத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் குனிந்தார். கற்களைப் பொறுக்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். அன்றைக்கு வர்க்கி வாங்கவில்லை.

மறுநாள் குன்னூரில், சோத்து டாக்டர் அம்மாவின் மேசையில் அப்பா கற்களை வரிசையாக வைத்தார். ஆஸ்பத்திரி எடையிலும், போன மாதத்தைவிட இறங்கியிருந்த உண்மை தெரிந்துவிட்டிருந்தது. நான் நேர்மையாகத்தான் நிறுத்தேன், முள்ளைக் காட்டித்தான் நிறுத்தேன் என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த அம்மா அவரைக் கோபிக்கவில்லை. அந்த முள் நகர்ந்தால் உங்களுக்குச் சந்தோஷம், ஆனால் அவளுக்கு அதுதான் பயம், ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அவளை அதன் முன்னால் உட்கார வைத்தீர்கள் என்று மட்டும் பொறுமையாகச் சொன்னார். அப்பா கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலையில கல்லு வெக்கறவங்க கூலிக்கு வெப்பாங்க. என்ற தங்கச்சிக்கு இதுல என்னங்க கூலி?"

அந்த அறையில் அத்தை தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சிரிக்கறதுதாங்ணா."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மாவும் அழுதாள். என்னைக் கையில் ஒரு வர்க்கியோடு வராந்தாவுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே வெகுநேரம் பேச்சு நடந்தது. வெளியே வந்தபோது அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது.

பல வாரங்கள் அங்கே இருந்தாள். சனிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த வார்டு முழுக்க என் எருமைக் கதையைக் கேட்டது. அப்பாவும் டிபன் டப்பாவைத் திறந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். பேசத் தெரியாத மனிதர், பாவம். மேற்கே மேகம் ஏறியது, மூன்றாம் நம்பர் தேயிலைக் காட்டில் நல்ல மழை, கீழ்ப்பக்கம் தூறலோடு நின்றுவிட்டது என்று மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை அந்த மழையைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவாள்.

அவள் தேறி வர வருஷங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை மறுபடியும் சறுக்கி, மறுபடியும் குன்னூர் போய் வந்தாள். அந்த அம்மா சலிக்கவில்லை, நாங்களும் விடவில்லை. டிரெய்னிங்கை முடித்தாள், ஊட்டி காந்தலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். கல்லைக் கண்டுபிடித்தது நான், கதை சொன்னது நான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். உண்மைதானே?

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அப்பா என்னைத் தராசில் தொங்கவே விடவில்லை. கெஞ்சினேன், அழுதேன், ஒருநாள் சாப்பிட மாட்டேன் என்றுகூட மிரட்டினேன். அப்பா முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து அந்த மிரட்டலை மட்டும் விட்டுவிட்டேன். ஷெட்டில் சாக்கு ஊஞ்சலும் காணாமல் போனது. நான் கல்லை எடுத்ததற்குத் தண்டனை இது, நல்லது செய்தவளுக்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை என்று வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபிறகும் அதை விடவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது என் மகள் முன்னாலேயே அப்பாவிடம் நியாயம் கேட்டேன். அவர் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு அந்தம்மா உங்கத்தைகிட்ட, உனக்கு ஏதாவது கேக்கணுமான்னாங்க. ஆஸ்பத்திரியில படுக்க மாட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சோம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. என்னை என்ன வேணா பண்ணுங்க, பாப்பாவை மட்டும் அந்தக் கொக்கியில தொங்க விட வேண்டாம்னு எங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க. அவ இன்னும் பசியைப் பாத்துத்தான் சாப்பிடறா, முள்ளைப் பாத்து இல்லை. அப்படியே இருக்கட்டும்னா."

அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வெளியே வராந்தா பெஞ்சில் காலை ஆட்டியபடி, வாய் நிறைய வர்க்கியோடு, என் கல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்களே என்று அழுதுகொண்டிருந்தேன்.